கைசன் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

மேனேஜர் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துல இருந்து இம்ப்ரூவ்மென்ட் வேலையை நீங்கதான் பார்க்கணும்" என்று சொல்லியிருப்பார். கையில் ஒரு பவர்பாயின்ட் கொடுத்திருப்பார்கள், அதில் கைசன் (வேலையைச் சின்னச் சின்னதாக, தொடர்ந்து மேம்படுத்துவது) மாதிரி நிறைய ஜப்பானியச் சொற்கள், கடைசிப் பக்கத்தில் வருட முடிவுக்குள் இத்தனை லட்சம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு. எங்கே ஆரம்பிப்பது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கோவையில் சிறிய, நடுத்தர மெஷின் ஷாப்புகளில் பல வருடம் இந்த வேலையைப் பார்த்தவன், பம்ப் பாகங்கள், வால்வு பாடி, டூவீலர் உதிரிகள் ஓடுகிற இடங்கள். அதனால் என் உதாரணங்கள் லேத், சி.என்.சி. பக்கமாகவே இருக்கும். கார்மென்ட்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ இருப்பவர்கள் பொருளின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டங்கள் படுத்துக்கொள்வது முறை தெரியாததால் இல்லை. முறையெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு ஆபரேட்டர் ஒரு தொந்தரவைச் சொல்கிறார், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, அடுத்த முறை அவர் வாயைத் திறப்பதில்லை. நான் பார்த்த ஒவ்வொரு தோல்வியும் இங்கேதான் தொடங்கியது. கீழே வருகிற எல்லாமே, சொன்னவருக்குப் பதில் போய்ச் சேருவதற்கான ஏற்பாடுகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் திட்டம் எப்படிப் போனது

நான் முதன்முதலில் பொறுப்பேற்ற இடத்தில் ஆலோசனைப் பெட்டி வைத்தோம். நல்ல கண்ணாடிப் பெட்டி, பூட்டு, பக்கத்தில் சீட்டு, பேனா. முதல் மாதம் பெட்டி நிறைந்துவிட்டது, எனக்கு ரொம்ப சந்தோஷம். சீட்டுகளைப் பிரித்து, வகைப்படுத்தி, கமிட்டிக்கு வைக்கலாம் என்று எடுத்து வைத்தேன். கமிட்டி கூட வேண்டிய வாரம் பெரிய டெஸ்பேட்ச், அடுத்த வாரம் ஆடிட், அப்படியே தள்ளிப்போனது. இரண்டாம் மாதம் மூன்று சீட்டு. மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை.

அந்த முதல் மாதச் சீட்டுகளில் ஒன்று, வாஷிங் டேங்க் பக்கத்துப் படியில் எப்போதும் கூலன்ட் வழிகிறது, ஒரு தட்டு வைத்தால் போதும் என்று ஒரு ஹெல்பர் எழுதியது. மூன்றாவது மாதம் அதே படியில் அதே பையன் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் அடிபட்டு இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. சீட்டு என் மேஜை டிராயரில் இருந்தது. அவன் திரும்பி வந்தபோது நான் போய் மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்லைங்க சார்" என்றான். அந்தத் தட்டு வைக்க ஃபேப்ரிகேஷன்காரருக்கு அரை நாள் கூட ஆகவில்லை. அன்றிலிருந்து நான் எந்த இடத்திலும் பெட்டி வைத்ததில்லை.

முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றாதீர்கள், நின்று பாருங்கள்

ஒரு மெஷினையோ ஒரு லைனையோ எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஃபேக்டரியையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் அங்கே போய் நில்லுங்கள், மாற்றி மாற்றி வேறு வேறு நேரத்தில், நைட் ஷிஃப்ட்டும் சேர்த்து. பகலில் இருக்கிற ஸ்டோர்காரர் இரவில் இருக்க மாட்டார், டூல் ரூம் பூட்டியிருக்கும், ஒரு இன்செர்ட் (டூலில் மாட்டுகிற வெட்டு முனை) முறிந்தால் காலை வரை மெஷின் நிற்கும். பகலில் மட்டும் பார்த்தால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆபரேட்டருக்கு ஸ்டாப்வாட்ச் என்றால் ஒரே அர்த்தம்தான், டார்கெட்டை ஏற்றப் போகிறார்கள். அவருடைய அனுபவத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்திருக்கும். முதல் நாள் போனதும் உங்கள் பெயரைச் சொல்லி, எதற்காக நிற்கிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். "அண்ணா, இந்த மெஷின்ல வேலை பார்க்கிறப்போ எதெல்லாம் தொந்தரவா இருக்குன்னு பார்க்க வந்திருக்கேன், உங்க ஸ்பீடை அளக்க வரலை" என்கிற ஒரு வாக்கியம் போதும். சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அவரை வேவு பார்க்க வந்ததாக நினைப்பார்.

கேட்கிற கேள்வியும் முக்கியம். "ஏதாவது ஐடியா இருக்கா?" என்று கேட்டால் யாரிடமிருந்தும் எதுவும் வராது, அது பரீட்சைக் கேள்வி மாதிரி. "இன்னிக்கு எந்த வேலை செய்யும்போது எரிச்சலா இருந்துச்சு?" என்று கேளுங்கள், கொட்டும். ஆலன் கீ ஒன்றுதான் இருக்கிறது, நான்கு மெஷினுக்கும் அதுதான். போர் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கிற கருவி) க்யூ.சி. ரூமில், அதாவது தரம் பார்க்கிற அறையில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் போய் வர வேண்டும். சிப் ட்ராலியின் ஒரு சக்கரம் ஓடவில்லை. காஸ்டிங்கில் மணல் ஒட்டி வருகிறது, அதனால் இன்செர்ட் சீக்கிரம் போகிறது, ஆனால் இன்செர்ட் அதிகம் செலவாகிறது என்று திட்டு எனக்குத்தான். இப்படிப் பத்து நாளில் ஒரு நோட்டு நிறைந்துவிடும்.

இன்னொன்று. இன்று கோவை, திருப்பூர், ஓசூர் பக்கம் எந்த ஷாப்புக்குள் போனாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் அவர்கள் குரலே வருவதில்லை, ஏனென்றால் படிவம் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், மீட்டிங்கும் தமிழில் நடக்கும். அவர்களில் தமிழ் நன்றாகப் பேசுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். போட்டோ எடுத்து விரலால் காட்டச் சொன்னாலே பாதி விஷயம் வந்துவிடும். எழுத வேண்டும் என்கிற கட்டாயத்தை எடுத்துவிட்டால், தமிழ் ஆட்களிலும் எழுதக் கூச்சப்படுகிறவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்.

முதலாளியிடம் மூன்று விஷயம் பேசிவிடுங்கள், வேலை தொடங்குவதற்கு முன்னால்

இது சங்கடமான பேச்சு, ஆனால் தள்ளிப்போட்டால் பின்னால் அதைவிடச் சங்கடமாக இருக்கும்.

ஒன்று, மிச்சமாகிற நேரத்தால் யாருக்கும் வேலையும் போகாது, வருமானமும் குறையாது என்ற உறுதி. வேலை போவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஓவர்டைமைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். நிறைய ஆபரேட்டர்களுக்கு வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் அந்த ஓவர்டைம் கணக்கை வைத்துத்தான் ஓடுகிறது. வேலையை எளிதாக்கி இரண்டு மணி நேரம் முன்னதாக முடிக்கச் சொன்னால், அவர் கண்ணுக்கு அது மாதம் சில ஆயிரம் ரூபாய் நஷ்டமாகத்தான் தெரியும், அப்படிப் பார்ப்பதில் தவறே இல்லை. பீஸ் ரேட் இருக்கும் இடத்தில் இதே சிக்கல் வேறு உருவில் வரும், பீஸ் அதிகம் ஓடினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் மிச்சத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போக வேண்டும், எப்படிப் போகும் என்பதை முதலாளி முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இன்சென்டிவ்வாகவோ சம்பள உயர்வாகவோ எப்படியும் இருக்கட்டும். அதற்கு முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நேரம் மிச்சம் பிடிக்கிற வேலையைத் தொடாதீர்கள். பாதுகாப்பு, ரிஜெக்‌ஷன், அலைச்சல் இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே செய்ய நிறைய இருக்கிறது.

இரண்டு, யாரிடமும் கையெழுத்து வாங்காமல் நீங்கள் செலவு செய்யக்கூடிய ஒரு சிறு தொகை. மாதம் ஐயாயிரம் இருந்தால் கூடப் போதும். ஆலன் கீ செட், ட்ராலி சக்கரம், எல்.இ.டி. லைட், ரப்பர் மேட், இவைதான் முதல் மூன்று மாதத்துச் செலவு. இதற்கெல்லாம் பர்ச்சேஸ் இன்டென்ட் போட்டு மூன்று கொட்டேஷன் வாங்கினால் சொன்னவருக்கே தான் சொன்னது மறந்துவிடும்.

மூன்று, வாரம் அரை மணி நேரம் அவர் ஷாப் ஃப்ளோருக்கு வர வேண்டும். பேச வேண்டாம், பேப்பரில் பார்க்க வேண்டாம், மாற்றம் நடந்த மெஷினுக்கு வந்து அதைச் செய்த ஆளிடமே கேட்க வேண்டும். இந்த அரை மணி நேரம் வருடாந்திர விழாவில் ஷீல்டு கொடுப்பதைவிடப் பெரிய விஷயம் என்பது என் அனுபவம்.

முதல் வேலை எது?

அவர்களுடைய தொந்தரவு எதுவோ அது. உங்கள் இலக்கு அப்புறம். ஒரு வாரத்துக்குள் முடியக்கூடியதாக, எல்லோர் கண்ணுக்கும் படுவதாக, வேறு டிபார்ட்மென்டைக் கெஞ்ச வேண்டாததாக இருக்கட்டும். நோட்டில் இருப்பதில் இந்த மூன்றும் பொருந்துகிற இரண்டு மூன்றை எடுத்து உடனே முடியுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு ஒரு லைட், ட்ராலிக்குச் சக்கரம், ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஆலன் கீ. இதில் லட்சம் மிச்சமாகாது, மேனேஜர் ரிப்போர்ட்டில் போட ஒன்றும் இருக்காது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் டீ நேரத்தில் "சொன்னா செஞ்சு தர்றாங்கப்பா" என்று யாரோ ஒருவர் பக்கத்து லைனில் சொல்வார், உங்கள் திட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பதில் சொல்லும் விதி

இதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையின் முதுகெலும்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷாப்பில் எல்லோரும் கடந்து போகிற இடத்தில், டைம் ஆபீஸ் பக்கத்திலோ தண்ணீர் கேன் பக்கத்திலோ, ஒரு வெள்ளை போர்டு மாட்டுங்கள். யார் சொன்னது, என்ன சொன்னார், எந்தத் தேதி, என்ன பதில், யார் செய்கிறார், எப்போது முடியும். அவ்வளவுதான். யாராவது வாயால் சொன்னாலும் நீங்களே எழுதுங்கள். சொன்ன மூன்று வேலை நாளுக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். கவனியுங்கள், மூன்று நாளில் வேலை முடிய வேண்டும் என்று சொல்லவில்லை, பதில் போக வேண்டும். "செய்கிறோம், அடுத்த புதன்கிழமை" என்பதும் பதில். "ஸ்டோரில் கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்பதும் பதில். வெள்ளிக்கிழமை வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் போய் அதைச் சொல்லிவிட வேண்டும்.

"முடியாது" என்பதும் நல்ல பதில்தான், காரணத்தோடு, நேரில் சொன்னால். ஒரு சீனியர் ஆபரேட்டர் ஒரு ஃபிக்ஸ்ச்சரை (பீஸைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கிற அமைப்பு) மாற்றச் சொன்னார். அது கஸ்டமர் கொடுத்த ஃபிக்ஸ்ச்சர், அவர்கள் அனுமதி இல்லாமல் தொட முடியாது. டிராயிங்கை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியென்றால் ஃபிக்ஸ்ச்சரைத் தொடாமல் லொகேஷன் பின்னுக்கு அடியில் ஏர் விட ஒரு வழி செய்யலாமா என்று கேட்டார், சிப் தங்குவதுதான் அவருடைய உண்மையான பிரச்சினை. அது முடிந்தது. போர்டில் "சாத்தியமில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த இரண்டாவது யோசனை வந்தே இருக்காது.

போர்டில் பெயர் கட்டாயம் சொன்னவருடையதாக இருக்க வேண்டும். சூப்பர்வைசர் பெயரோ உங்கள் பெயரோ மேலே ஏறிவிடக் கூடாது. மேலிடத்துக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டிலும் அப்படியே. அதே சமயம் சூப்பர்வைசரை விட்டுவிடாதீர்கள். கீழே இருந்து வருகிற ஒவ்வொரு யோசனையும் தன் மேல் வைக்கிற குற்றச்சாட்டு என்று அவருக்குத் தோன்றும், "இத்தனை நாள் நீ என்ன பண்ணினே" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அதனால் பதில் சொல்லும் வேலையிலேயே அவரைச் சேர்த்துவிடுங்கள், சின்ன விஷயங்களை அவரே முடிவு செய்து அவரே போய்ச் சொல்லட்டும், அந்த மாதாந்திரச் சிறு தொகையில் பாதியை அவர் கையில் கொடுங்கள்.

பணப் பரிசு கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் சிறியதாக, ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே மாதிரியாக. மிச்சமான தொகையில் இத்தனை சதவீதம் என்று யோசனைக்கு விலை வைத்தால், யார் முதலில் சொன்னது என்ற சண்டை வரும், சின்ன யோசனைகள் நின்றுவிடும், ஒருவருக்கொருவர் மறைக்க ஆரம்பிப்பார்கள். டொயோட்டா தன் ஆலோசனைத் திட்டத்தை 1951-ல் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது. இத்தனை வருடம் ஓடுகிற ஒரு திட்டம் ஒன்றிரண்டு பேருடைய பெரிய கண்டுபிடிப்புகளை நம்பி ஓட முடியாது, நூற்றுக்கணக்கான பேர் தினமும் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு முழு உதாரணம்: செட்டிங் நேரம்

இரண்டு மூன்று மாதம் கழித்து, நம்பிக்கை கொஞ்சம் வந்தபிறகு, ஒரு பெரிய விஷயத்தைத் தொடலாம். மெஷின் ஷாப் என்றால் நான் செட்டிங்கைத்தான் சொல்வேன், அதாவது ஒரு ஜாப் முடிந்து அடுத்த ஜாப்பின் முதல் நல்ல பீஸ் வெளியே வருகிற வரைக்கும் ஆகிற நேரம்.

இந்த விஷயத்தில் பெரிய ஆள் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானிய இன்ஜினியர். 1950-ல் ஹிரோஷிமாவில், இன்றைக்கு மஸ்டா என்று சொல்கிற கம்பெனியின் ஆலையில், பெரிய பிரஸ் ஒன்றில் டை (அச்சு) மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்ட வேண்டிய போல்ட்டில் ஒன்றைக் காணோம். வேலை பார்த்தவர் ஃபேக்டரி முழுக்கத் தேடி, கடைசியில் வேறொரு மெஷினுக்கு வைத்திருந்த நீளமான போல்ட்டை எடுத்து, வெட்டி, மரை போட்டுக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அங்கேதான் அவருக்கு ஒன்று தோன்றியது, மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை வேறு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை வேறு. பின்னால் 1969-ல் டொயோட்டாவில் ஒரு 1000 டன் பிரஸ்ஸின் செட்டிங்கை 4 மணி நேரத்திலிருந்து முதலில் 90 நிமிடத்துக்கும், அப்புறம் 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

இதே சிந்தனையை மதுரையில் பார்க்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், சர்ஜனுக்கு இரண்டு டேபிள். ஒரு டேபிளில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிளில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார், முடிந்ததும் சர்ஜன் மைக்ராஸ்கோப்பைத் திருப்பி அடுத்தவரைத் தொடங்கிவிடுவார். டாக்டர் அவசரப்படுவதில்லை, காத்திருப்பதுதான் இல்லை. ஆபரேட்டர்களிடம் நான் டொயோட்டாவைச் சொல்வதைவிட இதைத்தான் சொல்வேன். பலருக்கு அம்மாவுக்கோ மாமாவுக்கோ அங்கே கண் ஆபரேஷன் நடந்திருக்கும், சட்டென்று புரிந்துவிடும்.

சரி, செய்வது எப்படி? ஆபரேட்டரிடம் அனுமதி கேட்டு ஒரு முழு செட்டிங்கைப் போனில் வீடியோ எடுங்கள். யாருக்கும் அனுப்ப மாட்டேன், வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். அப்புறம் அவரோடும் இன்னொரு ஷிஃப்ட் ஆபரேட்டரோடும் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பாருங்கள். முதல் தடவை பார்க்கும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவரே சொல்வார், "இங்க பாருங்க, ஜா தேடப் போயிட்டேன், எட்டு நிமிஷம்" என்று. (ஜா என்பது லேத்தின் சக்கில் பீஸை இறுக்கிப் பிடிக்கிற தாடை.) நான் பார்த்த செட்டிங்குகளில் ஸ்பேனர் பிடித்துச் செய்கிற வேலையைவிடத் தேடுவதும் காத்திருப்பதும்தான் அதிகம்.

ஒவ்வொன்றாக எழுதி, மெஷின் ஓடும்போதே செய்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்த ஜாப்பின் டிராயிங், ப்ரோக்ராம், இன்செர்ட், கேஜ், முதல் இருபது காஸ்டிங், எல்லாம் ஒரு ட்ராலியில் முன்கூட்டியே மெஷின் பக்கத்தில் நிற்கலாம். சாஃப்ட் ஜாவை (ஜாப்புக்கு ஏற்றபடி குடைந்துகொள்கிற ஜா) ஜாப் நம்பர் போட்டு, போர் செய்த நிலையிலேயே தனித்தனியாக வைக்கலாம். சக்கில் ஜா எத்தனையாவது பல்லில் உட்கார வேண்டும் என்பதைச் செட்டிங் ஷீட்டில் எழுதி வைத்தால் ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்த்துக் கழற்றுவது மிச்சம். இவையெல்லாம் முடிந்தபிறகும் ஒரு பெரிய ஓட்டை இருக்கும், அது ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல். ஆபரேட்டர் முதல் பீஸை க்யூ.சி. ரூமுக்கு எடுத்துப்போவார், அங்கே நான்கு பீஸ் வரிசையில் இருக்கும், இருபது நிமிடம் மெஷின் சும்மா நிற்கும். செட்டிங் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே க்யூ.சி.க்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள், ஃபர்ஸ்ட் பீஸுக்குச் சிவப்புத் தட்டு என்று ஒரு வழக்கம் வையுங்கள், அது வந்தால் மற்றதைத் தள்ளிவைத்து அதைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கணக்கும் போட்டுக்கொள்ளலாம். ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு 3 செட்டிங், ஒன்றுக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், 150 நிமிடம். ஒன்று 30 நிமிடத்துக்கு வந்தால் நாளைக்கு 60 நிமிடம் மிச்சம், மாதம் 26 நாளுக்கு 26 மணி நேரம். இந்த நேரத்தை எல்லோரும் உடனே "அவ்வளவு பீஸ் கூட" என்று மாற்றிவிடப் பார்ப்பார்கள். அவசரப்படாதீர்கள். செட்டிங் எளிதானால் சின்னச் சின்ன லாட்டாக ஓட்டலாம், ஒரே ஜாப்பை 2000 பீஸ் ஓட்டிக் குவித்துவைக்க வேண்டியதில்லை, குவியலில் ஒளிந்திருக்கிற ரிஜெக்‌ஷன் சீக்கிரம் வெளியே தெரியும். நடக்க இடமும் கிடைக்கும். ஆர்டரே இல்லாத பீஸைக் கூடுதலாக ஓட்டினால் ரேக்கில்தான் போய் உட்காரும்.

கணக்கு காட்டும்போது

மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் அளந்து எழுதி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. நிமிடம், ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை, நடந்த தூரம், இவற்றை அப்படியே காட்டுங்கள். எல்லாவற்றையும் ரூபாயாக்கி ஊதிவிடாதீர்கள். ஆறு பேருடைய பத்து நிமிடத்தைச் சம்பளத்தால் பெருக்கி வருடத்துக்கு இத்தனை லட்சம் என்று காட்டினால், அக்கவுன்ட்ஸ்காரர் "அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?" என்று கேட்பார், அவர் கேட்பது நியாயம். இன்செர்ட் செலவு, ஸ்கிராப், கரண்ட் மாதிரி பில்லில் தெரிகிறவற்றை மட்டும் ரூபாயில் சொல்லுங்கள்.

ஃபைவ் எஸ் பற்றி ஒரு வார்த்தை

ஃபைவ் எஸ் என்பது வேலை இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்கிற ஐந்து படி முறை. நிறையப் பேர் தரையில் மஞ்சள் கோடு போடுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கோடு கடைசி. வேண்டாததை வெளியே எடுக்காமல் கோடு போட்டால் குப்பைக்கு எல்லை கட்டியதுதான் மிச்சம். முதலில் வேண்டாததற்குச் சிவப்பு அட்டை கட்டி ஒரு மூலையில் ஒரு மாதம் வையுங்கள், யாரும் தேடி வரவில்லை என்றால் அனுப்பிவிடலாம். "இருக்கட்டும், எப்பவாவது உதவும்" என்று சொல்கிறவர் பெரும்பாலும் முதலாளியாகத்தான் இருப்பார், அவரையே கூட்டிப்போய் அட்டை கட்டச் சொல்லுங்கள்.

நான்காவது மாதம்

இங்கேதான் எல்லாம் தொய்யும். மாதக் கடைசி டெஸ்பேட்ச் அழுத்தத்தில் ட்ராலி தயார் செய்ய ஆள் இருக்காது, ஜா பழையபடி ஒரே டப்பாவில் கிடக்கும். இதைப் பார்த்துக் கோபப்பட்டுப் பயனில்லை. ஏன் பழையதுக்குப் போனார்கள் என்று போய்க் கேளுங்கள். அநேகமாக, புதிய முறை அவசரத்தில் பழையதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். அப்படியானால் முறையைத்தான் திருத்த வேண்டும். எழுதிய தாள் நான்கு பக்கம் இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், மெஷின் கதவில் மூன்று போட்டோவும் நான்கு வரியும் போதும், இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர்களும் ஒத்துக்கொண்ட வரிகளாக இருக்க வேண்டும்.

மேலிடம் இந்தச் சமயத்தில் பொறுமை இழக்கும். அவர்களிடம் சொல்ல நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தரத்துக்காகக் கொடுக்கிற, 1951-ல் ஜப்பானில் தொடங்கிய டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னை பாடியில் இருக்கிற சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, 1998-ல். 2002-ல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. அவர்கள் வருடக்கணக்காகச் செய்த வேலை அது, ஒரு காலாண்டில் வந்ததில்லை. சிறு நிறுவனமாக இருந்தால், வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை வைத்துக்கொள்ளச் செலவாகுமே என்று யோசிப்பார்கள். அதற்கு மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) அமைச்சகம் 2023-ல் புதுப்பித்துக் கொண்டுவந்த லீன் (வீணைக் குறைக்கிற முறை) திட்டம் இருக்கிறது, அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி, ஆலோசகர் செலவில் 90 சதவீதம் வரை அரசு ஏற்கிறது என்பது அந்தத் திட்டத்தின் அறிவிப்பு. விண்ணப்பிக்கும்போது அப்போதைய விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் வந்தாலும் போர்டுக்குப் பதில் எழுதுவது நீங்கள்தான், அதை அவரிடம் விட்டுவிடாதீர்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்

சரிவராமல் போனதை எழுதுவதற்கு. போர்டில் முடிந்தவை மட்டும்தான் தெரியும். கேஜ் ஸ்டாண்டை இடது பக்கம் வைத்தோம், சிப் ட்ராலி இடித்தது, வலது பக்கம் மாற்றினோம் என்பது எங்கேயும் பதிவாகாது, இரண்டு வருடம் கழித்து இன்னொருவர் வந்து மறுபடியும் இடது பக்கம் வைப்பார்.

நீங்கள் வேறு டிபார்ட்மென்டுக்கோ வேறு கம்பெனிக்கோ போகும் நாள் வரும். அன்றைக்கு உங்களுக்கு அடுத்து வருகிறவரை ஒவ்வொரு மெஷினுக்கும் கூட்டிப்போய், ஆபரேட்டர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். நோட்டைக் கொடுங்கள். அதோடு, இன்னும் பதில் பாக்கி இருக்கிறவர்களின் பட்டியலைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள், யார், என்ன கேட்டார், எந்தத் தேதியில் சொல்வதாக ஒத்துக்கொண்டீர்கள் என்று. புதியவர் முதல் வாரத்தில் அதில் இரண்டையாவது முடித்துவிட்டால், அவர்கள் அவரிடமும் பேசுவார்கள்.